நான் ஒளித்து வைத்த பதினான்கு வசனங்கள்

எங்கள் சபையில் புதுவருட வாக்குத்தத்த அட்டைகளைச் செய்து கொடுக்கிற வேலை பதினொரு வருடமாக என்னுடையது. புதுவருடக் காலை ஆராதனை முடிகிற நேரத்தில் அட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்துப் பரப்பிக்கொண்டு வருவார்கள். கண்ணை மூடிச் செபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுக்கவேண்டும். அதில் என்ன வேதவசனம் இருக்கிறதோ, அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வாக்கு. சிலர் பேர்சுக்குள் வைப்பார்கள், சிலர் ஃபிரிஜ் கதவில் ஒட்டுவார்கள். எங்கள் மாடியில் இருக்கிற அக்கா மூன்று வருடத்துக்கு முந்திய அட்டையை இன்னும் கழற்றவில்லை. அது இன்னும் நிறைவேறவில்லையாம்.

வசனங்களைத் தெரிந்தெடுப்பது, தட்டச்சு செய்வது, காலி வீதியில் இருக்கும் கொமினிகேஷன் கடையில் பிரதி எடுப்பது, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து வெட்டுவது எல்லாம் நான்தான். ஆண்டவர் பேசுவார் என்று சபை முழுக்க நம்பிக்கொண்டிருக்கிற காரியத்தில் கத்தரிக்கோல் என் கையில் இருக்கிறதே என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அதை யோசிக்க வைத்தவர் என் கணவர்.

அவர் மருதானையில் வாகன உதிரிப்பாகம் இறக்குமதி செய்கிற ஒரு கொம்பனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்தவர். பிரேக், கிளச், கேஸ்கட் தவிர வேறு பேச்சு இல்லாத இடம். ஆனால் வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வரமாட்டார், ஆஸ்பத்திரிக்குப் போவார். தூர இடங்களிலிருந்து வந்து படுத்திருக்கிற தமிழ் ஆட்களுக்கு வாட்டில் தாதிமார் சொல்லுகிற சிங்களம் விளங்காது. முதலில் மொழிபெயர்க்கத்தான் போனார். பிறகு பக்கத்தில் இருந்து கதை கேட்டார், பிறகு கேட்டவர்களுக்குச் செபம் பண்ணினார். வீட்டுக்கு வரும்போது ஏழரை மணி தாண்டிவிடும். குளியலறைக்குள் போய் ஞானப்பாட்டு ஒன்றை ராகம் தப்பித் தப்பிப் பாடுவார். "பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குச் சொல்லப் போகினம்" என்று நான் கதவில் தட்டுவேன். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதர். எங்கள் வீட்டில் சத்தம் போடுகிற பொறுப்பும் என்னுடையதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒக்டோபர் மாதத்து ஞாயிறு பின்னேரம் ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் நடந்துகொண்டிருந்தோம். மகள் உயர்தர வகுப்பு டியூஷனுக்குப் போயிருந்தாள். அவர் திடீரென்று நின்றார்.

"இஞ்சேருமப்பா, ஒரு விசயம் சொல்லவேணும். கோவிக்கக் கூடாது."

"கோவிக்கக் கூடாதெண்டு தொடங்கினா அது கோவம் வாற விசயம்தானே. சொல்லுங்கோ."

பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார். "போன கிழமை வாட்டில ஒரு ஐயா கேட்டார், நீங்கள் எந்தச் சபைப் போதகரெண்டு. நான் போதகரில்லை ஐயா, கொம்பனியில வேலை செய்யிறனான் எண்டு சொன்னன். அப்படிச் சொல்லேக்க பொய் சொல்லுற மாதிரி இருந்துதப்பா."

"அதுக்கு?"

"போதக ஊழியத்துக்குப் போகட்டோ எண்டு யோசிக்கிறன்."

"உங்களுக்கு என்ன விசரே? நாப்பத்தெட்டு வயசில?"

"ஐம்பது வரைக்கும் எடுப்பினமாம். எங்கட போதகரிட்டக் கேட்டனான்."

"ஓகோ! அப்ப எனக்குச் சொல்ல முதல் அவரிட்டக் கேட்டாச்சு!"

அங்கே நடந்துபோன ஒரு சிங்கள அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்கு என் குரல் உயர்ந்துவிட்டது. என் கணவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வந்தது என்று சொல்கிறேன், ஆனால் உண்மையில் எனக்குப் பயம்தான் வந்தது. பயம் வந்தால் கத்துவது என் சுபாவம்.

எனக்கு ஏழு வயதில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டைக் கொளுத்தினார்கள். கலவரம் அடங்கிப் போய்ப் பார்த்தபோது சுவர் மட்டும்தான் நின்றது. அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட மண்டபம், பெரியம்மா வீட்டில் ஒரு அறை, வரிசையாக வாடகை வீடுகள், ஒரு கராஜுக்கு மேலே தகரக் கூரையோடு ஒரு மாடி. கலியாணம் முடித்த பிறகும் மூன்று வீடு மாறினோம். வெள்ளவத்தையில் இந்தச் சின்ன ஃபிளாட் எங்களுடையதான நாளில் நான் கதவுத் திறப்பைக் கையில் பொத்திக்கொண்டு குசினி நிலத்தில் இருந்து விக்கி விக்கி அழுதேன். இனிச் சாமான் கட்டமாட்டேன், என்னை இனி இங்கேயிருந்துதான் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று அவரிடமே சொன்னேன். போதகருக்குச் சொந்த வீடு கிடையாது. மிசன் வீட்டில் இருக்கவேண்டும், நாலைந்து வருடத்துக்கொருமுறை மாற்றம் வரும், வன்னியோ மலைநாடோ மட்டக்களப்போ, அனுப்புகிற இடத்துக்குப் போகவேண்டும். ஃபிளாட்டை வாடகைக்குக் கொடுக்கலாம் என்றார். என் குசினியில் வேறொருத்தி தேங்காய் திருவுவாள், நான் அதைப் பொறுக்கவேண்டும்!

ஒன்றரை மாதம் இதே சண்டை. மகளின் படிப்பு என்னாவது, பம்பலப்பிட்டியில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் என்னாவது, அரைச் சம்பளமும் வராத வேலையில் எப்படிச் சீவிப்பது என்று நான் கேட்காத கேள்வி இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் "எனக்கும் தெரியாதப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டவர் உங்களுக்குத் தெளிவாகச் சொன்னாரா என்றால் அதற்கும், "தெளிவா ஒண்டும் இல்லை. அந்த ஐயாவிட்டச் சொன்னது மட்டும் மனசை அரிக்குது" என்பார். தரிசனம் கண்டேன், குரல் கேட்டேன் என்று சொல்லியிருந்தால் எதிர்த்துச் சண்டை பிடித்திருக்கலாம். இப்படி ஒரு பிடியும் தராத மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

டிசம்பர் தொடக்கத்தில் அவரே ஒரு வழி சொன்னார். "புதுவருசத்துக்கு வழக்கம்போல அட்டை எடுப்பன். புறப்படு, போ எண்டு ஏதாவது வந்தா விண்ணப்பத்தை நிரப்புவம். வராட்டி இந்தக் கதையை விட்டிடுவன். நீரும் நிம்மதியா இரும்."

"அதென்ன லொத்தர் சீட்டோ?" என்று ஏசினேன். ஏசிவிட்டு, சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்பது அந்த நேரத்தில் எனக்கே தெரியாதது போல நடித்தேன்.

இரண்டாம் கிழமை அட்டைகளை வெட்டி முடித்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை காலை, அவர் சந்தைக்குப் போன நேரத்தில், எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். தகப்பன் வீட்டை விட்டுப் புறப்படச் சொல்லும் வசனம் ஒன்று. எழும்பிப் போகச் சொல்லுவது இரண்டு. உன்னை அனுப்புகிறேன், என் பின்னே வா, வலையை விட்டுவிட்டு வா என்ற சாயலில் வருகிறதெல்லாம் தேடித் தேடிப் பொறுக்கினேன். பதினான்கு. வேதம் முழுக்க ஆண்டவர் யாரையாவது எங்கேயாவது அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கிழித்துப் போடக் கை வரவில்லை, வேதவசனம் அல்லவா? எரிக்கவும் பயம். சேலை அலுமாரியில் பள்ளிக்கூடத்துப் பழைய புள்ளிப் புத்தகங்களுக்குக் கீழே வைத்தேன்.

இனி எண்ணிக்கை குறைந்துவிடும். பயப்படாமல் அமைதியாக இருக்கச் சொல்லும் வசனம் ஒன்றை எடுத்துப் பதினான்கு தரம் அடித்துக்கொண்டு கொமினிகேஷன் கடைக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா எங்கள் அட்டைகளை வருடாவருடம் பிரதி எடுத்துக் கொடுக்கிறவர்.

"என்ன டீச்சர், முந்தநாள்தானே எல்லாத்தயும் எடுத்திட்டுப் போனீங்க?"

"கொஞ்சம் குறைஞ்சு போச்சு நானா."

தாளைத் தூக்கிப் பார்த்தார். "ஒரே வசனமா ஈக்கிதே எல்லாம்."

"எல்லாருக்கும் ஆறுதல் தேவைதானே."

"அதுவும் சரிதான். எங்களுக்கும் ஒண்ணு தாங்களேன்" என்று சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. காசைக் கொடுத்துவிட்டு மிச்சம் வாங்காமலே வந்துவிட்டேன்.

புதுவருடக் காலையில் தட்டு நாங்கள் இருந்த வாங்குக்கு வந்தது. அவர் கண்ணை மூடினார். அவ்வளவு நேரம் மூடிக்கொண்டிருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தட்டைப் பிடித்திருந்தவர் காலை மாற்றி நின்றார். பிறகு ஒரு அட்டையை எடுத்து வாசித்தார், என்னிடம் நீட்டினார். நான் பதினான்கு தரம் அடித்த அதே வசனம். சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "சரியப்பா. முடிஞ்சுது."

வீட்டுக்கு வந்து பாற்சோறும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். நான் மகளோடு தேவையில்லாமல் பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். அப்பாடா, தப்பினோம் என்றிருந்தது.

அந்த நிம்மதி வியாழக்கிழமை வரைக்கும்தான். அன்று அவர் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன், ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையோ?"

"இல்லை."

அடுத்த வியாழனும் போகவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. சப்பாத்தைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். என்ன நடந்தது என்று ஒரு நாள் வற்புறுத்திக் கேட்டேன். "போனா அங்க ஆராவது கேப்பினம், நீங்கள் போதகரோ எண்டு. இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றார். குறை சொல்லுகிற மாதிரியே சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மகள் ஒரு நாள், "அம்மா, அப்பா ஏன் இப்ப பாத்ரூமில பாடுறேல்ல?" என்று கேட்டாள். நான் "படிக்கிற வேலையைப் பார்" என்று அவளில் பாய்ந்தேன். வீட்டைக் காப்பாற்றப் போய் வீட்டிலிருந்த மனிதரை வாடவைத்துவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பெப்ரவரியில் ஞாயிறு பள்ளிக் கூட்டம் ஒன்று முடிந்து தேநீர் குடிக்கும்போது போதகர் என்னிடம் வந்தார். அவர் சாதாரணமாகவே பகிடிக்காரர்.

"என்ன டீச்சர், வீடுகளுக்குப் போற இடமெல்லாம் அட்டையைக் காட்டுகினம். எத்தனையோ பேருக்கு ஒரே வசனம். இந்த வருசம் ஆண்டவர் ஒருத்தரையும் ஓரிடமும் அனுப்பமாட்டார் போல கிடக்கு."

அவருக்குத் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கையிலிருந்த கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டு மனிதரை மட்டும்தான் மறித்தேன் என்று நினைத்திருந்தேன். சபையில் அந்தப் பதினான்கில் ஒன்றுக்காக வேறு யார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்களோ, கடவுளே!

அந்த வியாழன் அவர் ஐந்தரைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, அலுமாரியிலிருந்து எடுத்த அட்டைகளை மேசையில் வைத்தேன். தேத்தண்ணியையும் பக்கத்தில் வைத்தேன். என்ன செய்தேன் என்பதை ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். கடைசி அட்டை வரைக்கும் வாசித்தார். பிறகு எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இருபது வருடத்தில் அவர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது அன்றுதான். தேத்தண்ணி அப்படியே ஆறிப் போனது.

டியூஷனிலிருந்து வந்த மகள் மேசையில் கிடந்ததைப் பார்த்து விசயத்தைக் கறந்துவிட்டாள். "அம்மா! நீங்கள் ஆண்டவரையே எடிட் பண்ணியிருக்கிறீங்கள்!" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. நானும் முதல் முறையாக வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். சனிக்கிழமை காலையில் நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, அவர் வந்து மற்றக் கதிரையில் இருந்தார். தானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

"எனக்குக் கோவம்தான். ஏனெண்டா நீர் செய்தது பிழை."

"ஓம், பிழைதான்."

"ஆனா நானும் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு அந்த அட்டையை எடுத்து வாசிச்ச உடன எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துது. போகத் தேவையில்லையெண்டு. எனக்கும் பயம்தானப்பா. நேரே ஓமெண்டு சொல்லப் பயத்திலதான் அட்டை எடுப்பம் எண்டு சொன்னனான். நீர் அட்டையை ஒளிச்சீர். நான் அட்டைக்குப் பின்னால ஒளிச்சன்."

இந்த மனிதருக்குப் பயமே இல்லை, அதனால்தான் என் பயம் அவருக்கு விளங்கவில்லை என்று இவ்வளவு நாளும் நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கூத்தாடியிருக்க மாட்டேன். அதையும் சொல்லி ஏசினேன். ஏசிக்கொண்டே அவருடைய தோளில் சாய்ந்து அழுதேன். வெங்காயக் கையோடு என் தலையைத் தடவினார்.

"இப்ப என்ன செய்யிறது? அந்தப் பதினாலையும் திரும்பத் தட்டில போட்டு ஒண்டு எடுப்பமோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். இனி ஒண்டும் எடுக்கத் தேவையில்லை."

"அப்ப எப்பிடித் தெரியும், இது அவர் கூப்பிடுறதுதானெண்டு?"

"போனாத்தான் தெரியும். போய்ப் பிழையாப் போனாலும் அவர் எங்களை விட்டிட்டு ஓடமாட்டார்."

இவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த வெளிச்சம். வேறு அடையாளம் எதுவும் வரவில்லை. கனவு வரவில்லை, தீர்க்கதரிசனம் சொல்ல யாரும் வீட்டுக்கு வரவில்லை. அவர் அடுத்த வியாழன் ஆஸ்பத்திரிக்குப் போனார். வந்து பாடினார், நான் கதவில் தட்டவில்லை. ஒரு மாதம் கழித்து, மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு இராமல் அந்த விண்ணப்ப ஃபோமை நிரப்புங்கோ என்று நான்தான் பேனையை எடுத்துக் கொடுத்தேன். அவர் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு இருக்கவில்லை. எனக்குத்தான் அப்படிச் சொல்லாவிட்டால் தைரியம் வந்திராது. போதகரிடமும் போய் அட்டைக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர், வருகிற வருடமும் நீங்களே செய்யுங்கள் என்றார். அதைவிடப் பெரிய தண்டனை இருக்காது.

ஓகஸ்டில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் மிசனுக்குச் சொந்தமான ஒரு பழைய கட்டடத்தில், நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். திருமணமானவர் விண்ணப்பித்தால் மனைவியும் வரவேண்டும் என்பது எனக்கு அதற்கு முந்திய கிழமைதான் தெரியும். அவரிடம் முக்கால் மணி நேரம் கேட்டார்கள். தனக்குக் குரல் கேட்கவில்லை, கனவு காணவில்லை, நிச்சயம் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்று அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் என்ன என்று மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

பிறகு நடுவில் இருந்த மூத்த போதகர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கும் இந்த அழைப்பு உண்டோ?"

ஓம் என்று சொன்னால் முடிந்துவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் போன டிசம்பரில் ஒரு தரம் ஆண்டவருடைய வேலையில் கைவைத்தது போதும் என்று தோன்றியது.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை ஐயா. நான் இவரை மறிச்சுப் பாத்தனான். ஏசியும் பாத்தன், கள்ளம் செய்தும் பாத்தன். என்னால மறிக்க ஏலாமல் போச்சு. எனக்குத் தெரிஞ்ச அழைப்பு அவ்வளவுதான்."

யாரும் எழுதவில்லை. கடைசிக் கதிரையில் இருந்த ஒரு அம்மா, போதகர் ஒருவரின் மனைவியாக ஆறேழு ஊர் மாறியவர் என்று பிறகு அறிந்தேன், முன்னால் குனிந்து மெல்லக் கேட்டார்.

"அப்ப, பயமில்லையோ பிள்ளை?"

"நிறைய இருக்கம்மா," என்றேன். "அதையும் சாமானோட சேத்துக் கட்டிக்கொண்டுதான் வருவன்."